15 வருஷமாகத் திறக்காத செப்டிக் டேங்க்

மதுராந்தகம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். கடிதம் கொஞ்சம் நீளம், சுருக்கித் தருகிறேன்.

"சார், எங்கள் வீடு 2009-இல் கட்டியது. செப்டிக் டேங்க் 8 அடி நீளம், 5 அடி அகலம், 6 அடி ஆழம். அதிலிருந்து வெளியே போகும் தண்ணீருக்குத் தோட்டத்தில் உறை இறக்கி ஒரு குழி இருக்கிறது. இதுவரை ஒரு தடவைகூட லாரி கூப்பிட்டதில்லை. கொத்தனார் அவ்வளவு நன்றாகக் கட்டிக் கொடுத்திருக்கிறார் என்று என் வீட்டுக்காரர் இருந்தவரை பெருமையாகச் சொல்வார். இப்போது மகன் குடும்பமும் வந்து சேர்ந்ததில் ஏழு பேர், பேரனுக்கு ஐந்து மாதம். ஐப்பசி மழையிலிருந்து கீழ் பாத்ரூமில் தண்ணீர் ஊற்றினால் குளுக் குளுக்கென்று சத்தம் வந்து மெதுவாக இறங்குகிறது, மழை அடித்துப் பெய்த அன்று மேலேறியும் வந்தது. லாரிக்காரர் பார்த்துவிட்டு இரண்டு நடை எடுக்கணும், நடைக்கு 2,500, அடியில் இறுகிக் கிடப்பதைப் பையன் இறங்கி வாளியில் அள்ளிவிடுவான், அதற்குத் தனியாக 1,500 என்கிறார். டேங்க் மூடி போர்ட்டிகோ டைல்ஸுக்கு அடியில் இருக்கிறது, அதை உடைக்கணுமாம். எதிர்வீட்டில் ஆசிட் ஊற்றச் சொல்கிறார்கள். மகன் ஏதோ பாக்டீரியா பவுடர் வாங்கலாம் என்கிறான். கிணறு டேங்கிலிருந்து 25 அடி தள்ளி இருக்கிறது, ஆனால் தண்ணீர் கல்கண்டு மாதிரி இருக்கும். என்ன செய்யட்டும்?"

அம்மா, பையன் இறங்குவான் என்றாரே, முதலில் அதை முடித்துவிடலாம். இறங்கக் கூடாது. 1,500 மிச்சம் என்பதற்காகச் சொல்லவில்லை, அந்தப் பையன் திரும்பி மேலே வராமல் போகலாம் என்பதால் சொல்கிறேன். டேங்குக்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்று ஒரு வாயு தேங்கி நிற்கும், காற்றைவிடக் கனம், அதனால் அடியிலேயே கிடக்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, அதுதான் இதில் மோசமான விஷயம். "வாடை போயிடுச்சு, இறங்கலாம்" என்று சொல்லிக்கொண்டே இறங்குகிறவர் இரண்டு மூச்சு இழுத்ததும் சுருண்டு விழுவார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவார், அவரும் விழுவார். பேப்பரில் இந்தச் செய்தி வரும்போதெல்லாம் இரண்டு பேர், மூன்று பேர் என்று வருகிறதே, அது இப்படித்தான். சிலர் மெழுகுவர்த்தியைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள், அணையாவிட்டால் பயமில்லை என்று ஒரு நம்பிக்கை. இந்த வாயு ஆளைக் கொல்லும் அளவுக்கு இருந்தாலும் மெழுகுவர்த்தி பாட்டுக்கு எரியும், உள்ளே மீத்தேனும் இருப்பதால் குப்பென்று பிடித்துக்கொள்ளவும் செய்யும். யாரையும் அதைச் செய்ய விடாதீர்கள்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கிறது. கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் செப்டிக் டேங்கைக் கையால் சுத்தம் செய்ய யாரும் யாரையும், நேரடியாகவோ மறைமுகமாகவோ, அமர்த்தக் கூடாது என்கிறது. அந்த 'யாரும்' என்பதில் வீட்டுக்காரரும் அடக்கம். "லாரிக்காரர்தானே கூட்டிவந்தார், எனக்கென்ன தெரியும்" என்று ஒதுங்க முடியாது. முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இப்படிச் சாகிறவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று இருந்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. கேஸ், ஜெயில் எல்லாம் இருக்கட்டும், உங்கள் போர்ட்டிகோவில் ஒரு பையன் செத்துக் கிடந்தான் என்ற நினைப்போடு அந்த வீட்டில் எப்படி இருப்பீர்கள்?

இதில் வேடிக்கை என்னவென்றால் அந்த அடிக்கசடை அப்படி வழித்து எடுக்க வேண்டிய தேவையே இல்லை. டேங்கைச் சோற்றுப் பானை மாதிரி துலக்கி வைக்கக் கூடாது. அடியில் ஓரிரண்டு அங்குலம் பழைய கசடு கிடந்தால் நல்லது, தயிருக்கு உறை மோர் மாதிரி, அடுத்து வருவதை மக்க வைக்கிற கிருமிகள் அதிலிருந்துதான் கிளம்பும். மேலே ஒரு மனுஷன் நின்றுகொண்டே இறுகினதையும் எடுக்கலாம்: லாரிக்காரர் மேல்தண்ணீரைக் கொஞ்சம் உறிஞ்சி, அதையே ஹோஸ் வழியாகத் திருப்பி வேகமாக டேங்குக்குள் அடிப்பார், கசடு கலங்கிக் கூழாகும், மறுபடி உறிஞ்சுவார். இரண்டு மூன்று தடவை இப்படி அடித்தால் 15 வருஷத்துக் கசடும் வந்துவிடும். நேரம் பிடிக்கும், டீசல் செலவு ஆகும், அதனால்தான் பையனை இறக்கப் பார்க்கிறார்கள். "அடிச்சுக் கலக்கி எடுங்க, அதுக்கு வேணும்னா 500 கூட வாங்கிக்குங்க, ஆள் இறங்கக் கூடாது" என்று வண்டி வருவதற்கு முன்பே போனில் பேசிவிடுங்கள். முடியாது என்றால் வேறு வண்டி பாருங்கள்.

லாரிக்காரர் இரண்டு நடை என்றாரே, அது சரியா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் சொன்ன 8-க்கு 5 உள்ளளவு என்று வைத்துக்கொண்டால், மேலே ஒரு அடி காற்றுக்கு விட்டது போக 5 அடிக்குத் தண்ணீர் நிற்கும், 200 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், ஆக 5,660 லிட்டர். வெளியளவு என்றால் சுவர் கனம் போக இதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் அதிகம். அவர் வண்டி 6,000 லிட்டர் என்றால் ஒரே நடை, 3,000 லிட்டர் வண்டி என்றால் இரண்டு நடை நியாயம்தான். எனவே வண்டி எத்தனை லிட்டர் என்று கேட்டுவிட்டுப் பிறகு பேரம் பேசுங்கள்.

சரி, இப்போது பெருமை விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டுக்காரர் சொன்னதைத் தப்பாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், இந்தத் தொழிலில் இதே பேச்சைப் பாதி வீடுகளில் கேட்டிருக்கிறேன். "எங்க டேங்க் நெறஞ்சதே இல்ல சார்." அம்மா, ஒழுங்காகக் கட்டிய செப்டிக் டேங்க் கட்டி முடித்த சில வாரத்திலேயே நிறைந்துவிடும், அதற்கப்புறம் ஆயுசுக்கும் நிறைந்தேதான் இருக்கும். ஒரு வாளி உள்ளே போனால் மறுபுறம் ஒரு வாளி வெளியே போகும், அவ்வளவுதான் அதன் கணக்கு. நடுவில் நடப்பது என்ன? கனமானது அடியில் படிந்து கசடாகிறது, எண்ணெயும் மிதக்கிறதும் மேலே ஏடாகப் படிகிறது, நடுவில் இருக்கும் ஓரளவு தெளிந்த தண்ணீர் மட்டும் உறிஞ்சு குழிக்குப் போகிறது, உங்கள் தோட்டத்தில் உறை இறக்கியிருக்கிறதே, அந்தக் குழிதான். கசடு காற்றில்லாமல் மெல்ல மக்கும், ஆனால் முழுக்க மக்கிப் போகாது, வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே வரும். அதனால்தான் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்காமலே விட்டால், ஏறின கசடு வெளியே போகும் குழாய் மட்டத்துக்கு வந்து உறிஞ்சு குழிக்குள் போய் அதன் மண்ணை அடைத்துவிடும். டேங்கை லாரி வைத்து ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம், அடைந்துபோன உறிஞ்சு குழியை ஒன்றும் செய்ய முடியாது, வேறு இடத்தில் புதிதாகத்தான் தோண்ட வேண்டும்.

அப்போ 15 வருஷம் எப்படி ஓடியது? இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, முன்பு நீங்கள் இரண்டு மூன்று பேர்தான் இருந்திருப்பீர்கள், டேங்க் பெரிசு, கசடு மெதுவாக ஏறியிருக்கும். ஒரு ஒப்பீட்டுக்குச் சொல்கிறேன், செப்டிக் டேங்குக்கான இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 2470, ஐந்து பேர் வீட்டுக்குச் சொல்லும் அளவே 1.5 மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், சுமார் ஒரு மீட்டர் தண்ணீர் ஆழம், அவ்வளவுதான். நம் ஊரில் பெரிசாகக் கட்டிவிட்டால் எடுக்கவே வேண்டாம் என்று ஒரு எண்ணம். இரண்டாவது காரணம்தான் எனக்குக் கவலை. கொத்தனார் அடியில் கான்கிரீட் போடாமல் விட்டிருக்கலாம். "அடி மண்ணா இருந்தா தண்ணி இழுத்துக்கும், நெறையாது" என்று சொல்லியே செய்வார்கள், வீட்டுக்காரரும் சந்தோஷமாகத் தலையாட்டுவார். அது செப்டிக் டேங்க் இல்லை, பள்ளம். உள்ளே போவது எல்லாம் மண்ணுக்குள், மண்ணிலிருந்து 25 அடியில் இருக்கும் உங்கள் கல்கண்டுத் தண்ணீருக்குள்.

மழையில் தண்ணீர் மேலேறியது என்றீர்களே, அதுவும் இதோடு ஒத்துப்போகிறது. ஏரிப் பாசன ஊர், ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்துவிடும், டேங்க் ஓட்டையாக இருந்தால் வெளித்தண்ணீர் உள்ளே வரும். ஆனால் டேங்க் நன்றாக இருந்து உறிஞ்சு குழியைச் சுற்றி மண் ஊறிப்போய் இழுக்காமல் விட்டிருந்தாலும் இதே அறிகுறிதான் வரும், அதனால் அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். திறந்ததும் முதலில் ஒன்றைப் பாருங்கள், லாரி ஹோஸை இறக்குவதற்கு முன்னால். வெளியே போகும் குழாய் தண்ணீருக்குள் மூழ்கி, தண்ணீர் அதற்கு மேலே நின்றால் அடைப்பு உறிஞ்சு குழிப் பக்கம். தண்ணீர் குழாய் மட்டத்தில் சரியாக நின்றும் பாத்ரூமில் இறங்கவில்லை என்றால் அடைப்பு உள்ளே வரும் பக்கம், பெரும்பாலும் உள்வரும் குழாயில் மாட்டியிருக்கும் டி-யின் (T வடிவக் குழாய்த் துண்டு) வாயில் ஏடு கெட்டியாகி அடை மாதிரி ஒட்டிக் கிடக்கும், ஒரு கழியால் குத்திவிட்டாலே போகும். குழாய்க்கு ரொம்பக் கீழே தண்ணீர் நின்றால், அதாவது 15 வருஷ டேங்க் பாதிதான் இருக்கிறது என்றால், அடி ஒழுகுகிறது, வேறு அர்த்தமே இல்லை. (கீழ் பாத்ரூமில் மட்டும் தெரிகிறதே, மாடியில் ஒன்றுமில்லையே என்று யோசித்திருப்பீர்கள், கீழே இருப்பதுதான் தாழ்வு, எந்தக் கோளாறும் முதலில் அங்கேதான் எட்டிப் பார்க்கும்.)

திறப்பது பற்றி. டைல்ஸை உடைக்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை, உங்களைத் திட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை. என் சொந்த வீட்டில் நானே போர்ட்டிகோவில் மூடி தெரிவது அசிங்கமாக இருக்கிறது என்று கிரானைட் ஒட்டிவிட்டு, ஆறு வருஷம் கழித்துக் கடப்பாரையும் கையுமாக எந்த இடம் என்று தட்டித் தட்டித் தேடினேன், என் மனைவி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவாள். உடைத்த பிறகு மறுபடி டைல்ஸ் ஒட்டாதீர்கள். டேங்குக்குள் தடுப்புச் சுவர் பிரிக்கும் இரண்டு அறைக்கும் தனித்தனியே இரண்டு அடிக்கு இரண்டு அடி மூடி வைத்து, கொக்கி போட்டு, ஓரத்தை மட்டும் லேசான கலவையால் பூசி விடுங்கள், அடுத்த தடவை உளியால் தட்டினால் வந்துவிடும். இரண்டு மூடியையும் வண்டிக்காரர்களே திறக்கட்டும், திறந்து அரை மணி நேரமாவது காற்றாட விடட்டும். அந்த நேரம் பிள்ளைகள் பின்பக்கம் இருக்க வேண்டும், யாரும் எட்டிக் குனிந்து பார்க்கக் கூடாது, பீடி சிகரெட் கூடவே கூடாது. நான் போன ஒரு வீட்டில், மூடியைத் தூக்கிய கையோடு ஒருவர் ஓரமாகக் குந்தி உட்கார்ந்து பீடிக்குத் தீப்பெட்டியை உரசப் போனார், கையைத் தட்டிவிட்டேன், தீப்பெட்டி டேங்குக்குள் விழுந்தது, "நாலு ரூபா தீப்பெட்டி சார்" என்று ரொம்ப நேரம் முறைத்துக்கொண்டிருந்தார்.

உறிஞ்சுவதற்கு முன் கசடு எவ்வளவு என்று பார்ப்பது உங்களுக்குக் கணக்கு வைக்க உதவும். ஏழெட்டு அடிச் சவுக்குக் கழி ஒன்றின் கீழ்ப்பக்கம் மூன்று அடிக்கு வெள்ளைத் துணி, பழைய வேட்டிக் கிழிசல் போதும், சுற்றிச் சணலால் கட்டி, தரை தட்டும்வரை மெல்ல இறக்கி, இரண்டு மூன்று நிமிஷம் அசையாமல் பிடித்து, அப்புறம் நேராக வெளியே எடுத்தால் துணியில் கறுப்பாகக் களிமாதிரி ஒட்டியிருக்கும் உயரம்தான் கசடு. அதற்கு மேலே வெறும் அழுக்கு நனைவு, இரண்டுக்கும் வித்தியாசம் பார்த்ததும் தெரியும். கசடும் மேல் ஏடும் சேர்ந்து தண்ணீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் எடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். உங்கள் 5 அடிக்கு 20 அங்குலம். நின்றபடியே செய்ய வேண்டும், கையுறை போட்டு, துணியை அங்கேயே டேங்குக்குள் போடாமல் பையில் கட்டிக் குப்பையில் போடச் சொல்லுங்கள்.

எந்த வண்டியைக் கூப்பிடுவது? நகராட்சி, பேரூராட்சியில் கேட்டால் உரிமம் உள்ள வண்டிகளைச் சொல்வார்கள், 14420 என்று செப்டிக் டேங்க், பாதாளச் சாக்கடை வேலைக்கென்றே ஒரு உதவி எண்ணும் இருக்கிறது. வருகிற ஆளிடம் "எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீங்க?" என்று கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே கருங்குழியில் 2017-லிருந்து மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் நடக்கிறது, தமிழ்நாட்டில் இந்த மாதிரி வந்தவற்றில் அதுதான் முதல், லாரிகள் கொண்டுவரும் கசடைப் படுகையில் பரப்பிக் காயவைத்து, பிரியும் தண்ணீரைத் தனியாகச் சுத்தம் செய்கிறார்கள். அது அங்கே இருக்கும்போது ராத்திரி பதினொரு மணிக்கு வந்து எடுக்கிறேன் என்கிற வண்டியைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான். அந்த நேரத்துக்கு நிலையம் ஏது, ஏரிக்கரையும் ஓடையும்தான். பகலில் வரச் சொல்லுங்கள், ரசீது வாங்குங்கள்.

நல்ல வேளை நீங்கள் மாசியில் எழுதினீர்கள். நிலத்தடி நீர் இறங்கியிருக்கும், இப்போதிலிருந்து ஆனி வரை எடுக்கலாம். மழைக்காலத்தில் டேங்கை முழுசாகக் காலி செய்தால் வெளியே ஊறி நிற்கும் தண்ணீர் சுவரை உள்ளே தள்ளும், செங்கல் சுவர் விரிசல் விடும், பிளாஸ்டிக் டேங்க் என்றால் படகு மாதிரி மேலே கிளம்பியே வந்துவிடும்.

ஆசிட் வேண்டவே வேண்டாம். கிருமியைக் கொன்று டேங்கின் வேலையை நிறுத்தும், சிமெண்டை அரிக்கும், அதைவிட, கசடில் இருக்கும் கந்தகச் சேர்மங்களோடு ஆசிட் சேர்ந்தால் நான் மேலே சொன்ன அதே விஷவாயு பொங்கி வரும். ஆசிட் ஊற்றிப் பார்த்து சரியாகாமல் மறுநாள் மூடியைத் திறக்கிற வீடுதான் இருப்பதிலேயே ஆபத்தான வீடு. பாத்ரூம் கழுவும்போது ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகப் போடுகிற பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள், குளோரின் கிளம்பும். பாக்டீரியா பவுடர் கெடுதல் இல்லை, காசுதான் கெடுதல். டேங்குக்கு வேண்டிய பாக்டீரியாவை ஏழு பேரும் தினமும் இலவசமாகவே அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். எந்தப் பவுடரும் கசடை எடுக்கும் வேலையைச் செய்யாது. சாணி, வெல்லம், ஈஸ்ட் எல்லாம் அதே கதைதான்.

உள்ளே போகக் கூடாதவை உங்களுக்கே தெரியும். நாப்கின், டயபர், ஈரத் துடைப்புத் தாள் (குழந்தை இருக்கிற வீடு, அந்தத் தாள் மக்கும் என்று பாக்கெட்டில் போட்டிருந்தாலும் மக்காது), முடி, சிகரெட் துண்டு. சமையலறைத் தண்ணீர் டேங்குக்குப் போகிறதா என்று பார்த்துப் பிரித்துவிடுங்கள், எண்ணெய்தான் அந்த ஏட்டை அடையாக்குகிறது. குளிக்கிற தண்ணீரும் வாஷிங் மெஷின் தண்ணீரும் வாழைக்கோ தென்னைக்கோ போகட்டும், டேங்குக்குப் போனால் படிய நேரம் கொடுக்காமல் கசடைக் கலக்கி வெளியே தள்ளும்.

இனி கிணறு. உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணறுக்கும் நடுவே குறைந்தது 18 மீட்டர், அதாவது 60 அடி இருக்க வேண்டும் என்பது கணக்கு. உங்களுடையது டேங்கே 25 அடி, குழி எத்தனை அடி என்று நீங்கள் எழுதவில்லை. தண்ணீர் தெளிவாக இருப்பதற்கும் நல்லதாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை அம்மா, மண் வடிகட்டி நிறத்தையும் வாடையையும் எடுத்துவிடும், கழிவிலிருந்து தண்ணீரில் கரைந்து வரும் நைட்ரேட் உப்பை எடுக்காது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கொடுத்து, மலம் கலந்திருப்பதைக் காட்டும் ஈ-கோலை கிருமியும் நைட்ரேட்டும் பார்க்கச் சொல்லுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ரிசல்ட் வரும்வரை நீங்கள் எல்லாரும் கொதிக்க வைத்துக் குடிக்கலாம், பேரனுக்கு மட்டும் அந்தத் தண்ணீரில் பால் பவுடர் கலக்காதீர்கள், கொதிக்க வைத்தாலும் கலக்காதீர்கள். கொதித்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்றுவதால் கொஞ்சம் கூடவே செய்யும். ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தையின் ரத்தத்தில் அது ஆக்ஸிஜன் போவதைத் தடுத்து உடம்பு நீலம் பாரிக்க வைக்கும். பெரியவர்களுக்கு அப்படி ஆவதில்லை என்பதால் நம் வீடுகளில் இது யார் கண்ணிலும் படுவதில்லை. தாய்ப்பால் மட்டும் என்றால் அந்தக் கவலை இல்லை. இல்லையென்றால் இன்றைக்கே வேறு தண்ணீர் ஏற்பாடு செய்யுங்கள், டேங்க் வேலை அடுத்த வாரம் நடந்தால்கூடப் பரவாயில்லை.

லாரி போனதும் டேங்கைக் காலியாக வைக்காமல் மோட்டார் போட்டு, வெளியே போகும் குழாய்க்கு ஒரு சாண் கீழே வரை நல்ல தண்ணீர் நிரப்புங்கள். இது டேங்குக்கும் நல்லது, அடி ஒழுகுகிறதா என்ற என் கேள்விக்கும் பதில் சொல்லும். ராத்திரி பத்து மணிக்கு அந்தச் சவுக்குக் கழியை, துணியை எடுத்துவிட்டு, தரை தட்ட இறக்கி ஈரம் எதுவரை என்று சாக்பீஸால் கோடு போடுங்கள், அல்லது மகனைப் போடச் சொல்லுங்கள், நின்றபடியே, குனியாமல், மறுபடி மூடியை மூடிவிட்டு. காலையில் ஐந்து மணிக்கு, யாரும் பாத்ரூம் போவதற்கு முன் மறுபடி. ராத்திரி ஏழு பேர் வீட்டில் யாரும் போகாமல் இருக்க முடியாதுதான், பரவாயில்லை, 40 சதுர அடி டேங்கில் ஒரு வாளித் தண்ணீருக்கு மட்டம் 3 மில்லிமீட்டர்கூட ஏறாது. ஒரு விரல்கடை இறங்கியிருந்தால் புது டேங்கின் பூச்சு உறிஞ்சியதாகச் சொல்லலாம், உங்களுடையது புதுசு இல்லை, ஆனாலும் விட்டுவிடலாம். ஒரு சாண் இறங்கியிருந்தால் ஒரே ராத்திரியில் 800 லிட்டருக்கு மேல் மண்ணுக்குள் போயிருக்கிறது.

அப்படி இறங்கியிருந்தால், தயவுசெய்து காலி டேங்குக்குள் கொத்தனாரை இறக்கி அடிக்கு கான்கிரீட் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காலி டேங்கும் டேங்க்தான், சுவரில் ஒட்டியிருக்கும் கசடு போதும் ஆளைச் சாய்க்க. பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டு மேலிருந்தே மணலும் செங்கல் ஜல்லியும் கொட்டி மூடிவிட்டு, கிணற்றுக்கு எதிர்ப்பக்கம் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். பத்து பேருக்கு 2 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம் போதும், பயப்படும் அளவுக்குச் செலவு இல்லை. அடியில் கான்கிரீட், நடுவில் தடுப்புச் சுவர் போட்டு முதல் அறை மூன்றில் இரண்டு பங்கு, காற்றுப் போக்கிக் குழாய் மொட்டை மாடிக்கு மேலே இரண்டு மீட்டர், அதன் வாயில் பழைய கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டிவிடுங்கள், ஊரில் பாதிக் கொசு அந்த வழியாகத்தான் வருகிறது.

காலையில் கழியில் இரண்டு கோட்டுக்கும் நடுவே எவ்வளவு என்று ஸ்கேல் வைத்து அளந்து எழுதுங்கள். உறிஞ்சு குழி கிணற்றிலிருந்து எத்தனை அடி என்பதையும், ஆய்வுக்கூட ரிசல்ட்டையும் கூடவே அனுப்புங்கள். புது டேங்குக்கு இடம் பார்க்கணுமா வேண்டாமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.